நத்தார்ப் பலகாரமும் நட்சத்திரக் கூடும்

மார்கழி மாதத்திலே கிறித்தவர் கொண்டாடும் பிறப்புத் திருநாளை ஈழநாட்டில் நாம் நத்தார் என்று வழங்குகின்றோம். தமிழகத்தார் பெரும்பாலும் இச்சொல்லை அறியார். போர்த்துக்கேய மொழியில் அத்திருநாளின் பெயராகிய ‘நத்தால்’ என்பதே நம் நாவில் நத்தார் எனத் திரிந்தது. 1619 ஆம் ஆண்டு தொடக்கம் 1658 ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் பல இன்னும் நம் வீடுகளில் வழங்குகின்றன. நாம் அமரும் கதிரை, திறக்கும் யன்னல், சமைக்கும் குசினி, உண்ணும் பாண், அப்பாணைச் சுடும் போறணை ஆகிய எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தனவே. அவர்கள் ஆட்சி நாற்பதாண்டில் முடிந்தது. போறணையோ இன்றும் எரிகின்றது.

இப்பண்டிகைக்கு நம் நாட்டில் வீட்டிலே செய்யப்படும் பண்டங்களையும் கைவேலைகளையும் பற்றிச் சில கூற எண்ணுகின்றேன். திருநாளின் சமயப் பொருளை விளக்குதற்கு உரியோர் வேறு உளர். பாடசாலை அதிபன் என்ற முறையில் ஆண்டுதோறும் மார்கழியில் என் செவிக்கு எட்டும் ஒரு செய்தியே இதனைப் பேசத் தூண்டியது. கடைக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்த கேக் பெட்டி ஒன்றைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதற்காகக் கையிலிருந்த சிறு நகையை அடகு வைக்கும் பெற்றோர் உளர். திராட்சை வற்றலும் பாதாம் பருப்பும் பிறநாட்டுப் பழப்பாகும் இல்லாத கேக் நத்தார்க் கேக் ஆகாது என்னும் எண்ணமே அவர்களை அவ்வாறு செய்விக்கின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அக்கேக்கின் வரலாறே காட்டும்.

இங்கிலாந்தில் பழக்கேக் முதலில் நத்தாருக்கு உரியதாய் இருக்கவில்லை. பிறப்புத் திருநாளின் பின் பன்னிரண்டாம் நாள் இரவைக் கொண்டாடுதற்கே அது சுடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விரவின் களியாட்டம் மங்க, கேக் மட்டும் நத்தாருக்கு இடம் பெயர்ந்தது. ‘பிளம் கேக்’ என்ற பெயரைக் கேட்டு அதனுள் பிளம் பழத்தைத் தேடுவார் ஏமாறுவர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல் முந்திரிகை வற்றலையும் குறித்தது. கோதுமை மா, வெண்ணெய், முட்டை, சீனி, வற்றல் வகை, தோடம்பழத் தோலின் பாகு, பாதாம் பருப்பு, பிராந்தி, வாசனைச் சரக்கு ஆகியவையே அதன் உறுப்புக்கள். அவ்வாசனைச் சரக்கிலே முதன்மையானது கறுவா. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பெரிதும் விரும்பித் தேடி வந்த பொருள்களுள் நம் நாட்டுக் கறுவா தலையாயது. ஆகவே ஆங்கிலேயர் தம் கேக்கை இங்குக் கொண்டுவந்தபோது அதன் மணத்தில் ஒரு பங்கு தன் பிறந்த ஊருக்குத் திரும்பியது எனலாம்.

இங்கு வந்த கேக் வந்தபடியே இருக்கவில்லை. கோதுமை மாவின் இடத்தை ரவை பிடித்தது. பாதாமின் இடத்திற்கு மரமுந்திரிகைப் பருப்பு, அதாவது கஜு, வந்தது. பிறநாட்டுப் பழப்பாகுகளுடன் நீற்றுப்பூசினித் தோசியும் இஞ்சித் தோசியும் சௌசௌப் பாகும் சேர்ந்தன. பன்னீரும் தேனும் ஏலமும் கூடின. இந்த ரவையும் கஜுவும் பூசினித் தோசியும் பன்னீரும், ஆங்கிலேயர் வருகைக்கு முந்திய போர்த்துக்கேய மரபிலிருந்து வந்ததெனக் கருதப்படும் ‘லவ் கேக்’ என்னும் பண்டத்திலும் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்து உண்டு பார்ப்பவர்க்கு அவை உறவுடையன என்பது எளிதில் விளங்கும். தோசி என்ற சொல்லும் இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே. கஜுவும் அவ்வாறே, சொல் மட்டுமன்று, மரமும் பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கேயர் கப்பலில் கீழைநாடுகளுக்கு வந்ததுதான். இன்று நாம் உள்ளூர்ப் பொருள் என்று பெருமையோடு சேர்க்கும் கஜு ஒரு காலத்தில் பிறநாட்டுப் பொருளாய் இருந்தது.

ரவை செய்யும் வேலை யாதென அறிதல் நன்று. நன்றாக அரைத்த கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் இழையிழையாகப் பின்னி, காற்றைப் பிடித்து, கேக்கைப் பஞ்சுபோல் எழச்செய்யும். ரவையோ பருமணி, அவ்வாறு எளிதில் பின்னாது. அதற்குப் பதிலாக வெண்ணெயையும் பழப்பாகையும் உறிஞ்சிப் பருக்கும். அதனாலே நம் கேக் உயர எழாது. ஈரமும் கனமும் உடையதாய், வாயிலிட்டவுடன் கரையும் இயல்பு பெறும். ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் வெண்ணெயிற் பிசறி, ஓர் இரவு மூடிவைக்கும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. அவசரப்பட்டு அன்றே கலப்பார் கேக்கில் ரவை பல்லிற் கடிபடும்.

பழைய குறிப்புக்கள் ஓர் இறாத்தல் ரவைக்கு இருபது இருபத்தைந்து மஞ்சட்கரு வரை கேட்கும். இதனைப் படித்து இக்காலத்துத் தாய்மார் மலைப்பது இயல்பே. வீட்டிற் செய்வது எப்போதும் மலிவு என்று நான் கூறமாட்டேன், அது உண்மையன்று. ஆயினும் முட்டையைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைக்கருவையும் அடித்துச் சேர்த்துச் செய்யும் வீடுகளை நான் அறிவேன். அக்கேக் சிறிது இறுகி இருக்கும்; ஆனால் கேக்காகவே இருக்கும்.

பூசினித் தோசியை வீட்டிலே செய்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. முற்றிய நீற்றுப்பூசினியின் தோலும் விதையும் நீக்கி, சதையைத் துண்டாக்கி, முள்ளாற் குத்தி, சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவிடல் வேண்டும். சுண்ணாம்பு காயின் சதையை இறுகச்செய்யும்; இன்றேல் பாகில் வேகும்போது அது கரைந்து கூழாகிவிடும். பின்னர்ப் பலமுறை கழுவி, அவித்து, சீனிப்பாகில் இட்டுச் சிறுதீயிற் காய்ச்சுக. காயின் நீர் வெளியேற, அவ்விடத்தைச் சீனி நிரப்பும். வேலியிற் படரும் கொடியொன்று காய்த்தால், சில வீடுகளுக்கு வேண்டிய தோசி கிடைத்துவிடும்.

நத்தாருக்கு இரண்டு மூன்று வாரத்தின் முன்னரே பழங்களையும் பருப்பையும் சிறுகச் சிறுக வெட்டி, சரக்குத்தூள், பன்னீர், தேன், சிறிது பிராந்தி ஆகியவற்றோடு சாடியில் இட்டு மூடிவைப்பர். உலர்ந்த வற்றல் நீர்மத்தை முன்னரே குடித்துவிடுவதால், போறணையில் கலவையின் ஈரத்தைப் பறிக்காது. சரக்கின் மணந்தரும் எண்ணெய்களும் மெல்லப் பரவும். இக்கேக் வாரக்கணக்கிற் கெடாதிருப்பதற்குக் காரணம் சீனியும் மதுவுமே. சீனி நீரைத் தன்னோடு பிணித்துக்கொள்ள, பூஞ்சணம் வளர்வதற்கு வேண்டிய நீர் அகப்படாது. மது சேர்க்க விரும்பாத வீட்டார் பழச்சாறு சேர்ப்பர். சுவைக்குக் குறைவில்லை, ஆனால் அதனை நெடுநாள் வைத்திருத்தல் ஆகாது.

சுடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தகரத் தட்டின் உட்புறத்தில் பழைய செய்தித்தாளை மடித்து மடித்துப் பல படையாக இட்டு, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரிப்பர். தகரம் சூட்டை விரைந்து கடத்தும்; தாள் தடுத்துத் தாமதிக்கும். கனத்த கலவை உட்புறம் வேகுமுன் ஓரங்கள் கருகாமல் இருப்பதற்கு இந்தத் தாமதம் வேண்டும். இன்றைய மின்போறணையில் 150 பாகை செல்சியசில் இரண்டரை மூன்று மணி நேரம் என்பர். மின்போறணை இல்லாக் காலத்தில் கலவைத் தட்டுக்களை ஊர்ப் பேக்கரிக்கே எடுத்துச் செல்வார்கள். அன்றாடப் பாண் வெந்து இறங்கியபின், தணல் வாரிய போறணையின் தணிந்த சூடே கேக்குக்கு ஏற்றது. எவர் தட்டு எது எனத் தெரிவதற்காகப் பெயரெழுதிய தாளொன்றைச் செருகிவைப்பர். அந்த இரவுகளில் தெரு முழுவதும் கறுவா மணக்கும்.

ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் வேறொரு பண்டம் உண்டு. மதுவம் இட்டுப் புளிக்கவைத்த பாண்மாவில் வெண்ணெயும் முட்டையும் சீனியும் வற்றலும் சேர்த்துப் பிசைந்து, நடுவிலே துளையும் பக்கங்களிலே வரியும் உடைய அச்சில் இட்டுச் சுடுவர். புரூடர் என்பது அதன் பெயர். நத்தார்க் காலையிலும் புத்தாண்டுக் காலையிலும் அதனை வெண்ணெயோடும் செம்மெழுகு பூசிய ஒல்லாந்தப் பாற்கட்டியோடும் உண்பர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் பறங்கியர் பலர் ஒஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அச்சும் அவர்கள் பெட்டியிற் சென்றது. ஒல்லாந்தரிடமிருந்தே வந்த கொக்கிஸ் என்னும் பலகாரமோ இங்கேயே தங்கிச் சித்திரைப் புத்தாண்டுக்கு உரியதாகிவிட்டது. எந்தப் பலகாரம் எந்தப் பண்டிகைக்குப் போய்ச்சேரும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது போலும்.

யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் வீடுகளில் கேக்கைவிடப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சிப்பியுமே மிகுதியாகச் செய்யப்படுவன. வறுத்த பயற்றம் மாவும் தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் சேர்த்து உருட்டி, மாக்கரைசலிலே தோய்த்துப் பொரிக்கும் பணியாரம் சைவ வீட்டிற்கும் பொது. கிறித்தவ வீட்டிற்கும் பொது. என் கருத்தில், கேக்குக்கு வசதியில்லாத வீட்டார் ஒரு தட்டுப் பயற்றம் பணியாரத்தைச் செம்மையாகச் செய்து வைத்தாராயின், அவர் நத்தாரை முறைப்படி கொண்டாடியவரே ஆவர்.

பற்றாக்குறைக் காலங்களை எண்ணிப் பார்க்கின் இது மேலும் தெளிவாகும். 1970 ஆம் ஆண்டு தொடக்கம் 1977 ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கே மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் திராட்சை வற்றலை எங்கே தேடுவது? நான் அப்போது சிறு பிள்ளை. எங்கள் அயல்வீட்டு அன்னம்மா ஆச்சி பப்பாசிக் காயைச் சிறு சதுரங்களாக வெட்டி, சிவப்பு நிறம் கூட்டிய பாகில் இட்டுக் காய்ச்சி, செர்ரி என்று பெயர் சூட்டினார். அயற்பிள்ளைகளாகிய எமக்கு வெட்டும் வேலையிற் பங்கு தரப்பட்டது. ஐந்து துண்டு வெட்டினால் ஒன்று வாய்க்குள் போகலாம் என்பது ஆச்சி வகுத்த சட்டம். உண்மையான செர்ரியை நான் பிற்காலத்தில் உண்டேன். பப்பாசியே நன்று என்பது என் முடிபு. அன்று செய்த மாற்றுப் பண்டம் இன்று பேக்கரிகளில் நிலையான உறுப்பாகி, கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்கப்படுகின்றது.

போர்க்காலம் இதனினும் கடியது. 1990 இன் பின் வடபகுதிக்குப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அவ்வாண்டு நத்தார், பாடசாலை வகுப்பறைகளிலும் ஆலய மண்டபங்களிலும் மரநிழலிலும் தங்கியிருந்தோர்க்கு வந்தது. ஒரு வகுப்பறை மூலையில், கரும்பலகையின் கீழே, பனையோலையும் சாக்குத்துண்டும் களிமண்ணும் கொண்டு பிள்ளைகள் பாலன் குடில் ஒன்றை அமைத்திருந்தமையை நான் கண்டேன். மாட்டையும் ஆட்டையும் களிமண்ணாற் பிசைந்திருந்தனர். அவற்றுள் எது மாடு, எது ஆடு என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கிருந்தது. அன்று பகிரப்பட்ட இனிப்பு, வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும் சேர்த்துப் பிடித்த உருண்டை. அண்மையில், 2021 ஆம் ஆண்டு மார்கழியிலும் எரிவாயுவும் பால்மாவும் தட்டுப்பட்டபோது, பல குசினிகளில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பாலன் குடில் என்றதனால் அதைப் பற்றியும் சிறிது கூறுவேன். 1223 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் என்னும் துறவி, வைக்கோலிட்ட தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பிறப்பின் காட்சியை ஏழை மக்கள் கண்ணாற் காணச்செய்தார். அவ்வழக்கம் உலகெங்கும் பரவி, நம்மவர் கையில் பனையோலைக் கூரை பெற்றது. குடிலின் முன்னே பச்சைத் தரை வேண்டும் என்பதற்காக, பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்னர்த் தகரப்பேணியிலோ சிரட்டையிலோ நெல்லை விதைத்து முளைக்கவைப்பர். நாளுக்கு எவ்வளவு வளர்ந்தது எனப் பிள்ளைகள் அடிமட்டத்தால் அளந்து பார்ப்பதுண்டு. கடையில் வாங்கும் பச்சைப் பிளாத்திக்குப் புல்லில் இந்த வேடிக்கை இல்லை.

வாசலிலே தூக்கும் நட்சத்திரத்தை இன்று மின்குமிழோடு கடையில் வாங்குகின்றனர். அதனை வீட்டிற் கட்டுவது கடினமன்று. ஒரே நீளமுள்ள பத்து மூங்கிற் சிலாகைகள் வேண்டும். ஐந்தைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, முனைகளைக் கட்டினால் ஐங்கோண நட்சத்திரம் ஒன்று அமையும். அவ்வாறே மற்றொன்று செய்க. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுக. பின்னர் உட்புறத்தில் சிலாகைகள் ஒன்றையொன்று கடக்கும் ஐந்து இடங்களிலும் சாண் நீளத்திற் குறைந்த சிறு குச்சிகளை இரு சட்டங்களுக்கும் இடையே நிறுத்தினால், தட்டையாய் இருந்தது புடைத்து எழும்பும். இக்கணத்தில் பிள்ளைகள் முகத்திற் தோன்றும் வியப்பு காணத்தக்கது. சிலாகை ஒன்று விரலளவு குறைந்தாலும் நட்சத்திரம் கோணும். முனைக்கோணம் ஒவ்வொன்றும் 36 பாகை, ஐந்தும் சேர்ந்து 180 பாகை என்பதை நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த ஆண்டுகளைவிட, கட்டிக் காட்டிய ஆண்டில் மாணவர் நன்றாக நினைவில் வைத்திருந்தனர்.

மெல்லிய வண்ணத்தாளைக் கோதுமைமாப் பசையால் ஒட்டுக. மாக் கிடையாதபோது மரவள்ளிமாப் பசை போதும். பின்புறத்து ஓர் இதழை ஒட்டாது விட்டால் விளக்கு வைப்பதற்கு வழியாகும். மெழுகுதிரி வைப்பதனை நான் விரும்பேன். காற்றடித்தால் தாள் பற்றிவிடும். சிறு மின்குமிழே தக்கது. வைகாசிப் பூரணையிலே வெசாக் கூடு கட்டும் சிங்களச் சிறுவனும், மார்கழியிலே நட்சத்திரம் கட்டும் நீர்கொழும்பு, மன்னார்ச் சிறுவனும் கையாள்வது இதே மூங்கில், இதே தாள், இதே பசைதான். ஒருவன் கட்டியதை மற்றவன் ஒருகணம் நின்று பார்த்தால், முடிச்சு எங்கே தளர்ந்திருக்கின்றது என்று சொல்லிவிடுவான்.

இனிப் பகிரும் முறை. இலங்கையில் நத்தார்க் கேக்கைப் பெரும்பாலும் முழுதாக மேசையில் வைத்து வெட்டுவதில்லை. விரல் நீளச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளிற் பொதிந்து, அதன்மேல் வண்ணத்தாள் சுற்றித் தகரப்பெட்டியில் அடுக்குவர். கேக் உலராது; எறும்பு எளிதில் அணுகாது; ஒரு தட்டுக் கேக் ஐம்பது வீட்டிற்கும் எட்டும். செல்வர் வீட்டுத் துண்டும் வறியவர் வீட்டுத் துண்டும் ஒரே அளவினவாகவே இருக்கும். பொதியும் வேலை பெரும்பாலும் பாட்டிமாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் உரியது. தாளின் ஓரத்தை மடிக்கும் விதத்தைக் கொண்டே இது இன்னார் வீட்டுக் கேக் என்று அறிந்துவிடுவோர் எங்கள் ஊரில் இருந்தனர்.

அயலில் உள்ள சைவ வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது ஒரு கவனம் வேண்டும். முட்டை உண்ணாதார் வீட்டிற்குக் கேக் செல்லாது. அதற்குப் பதிலாகப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் செல்லும். அன்னம்மா ஆச்சி வீட்டில் அவ்வகைப் பலகாரத்தைக் கேக்குக்கு முந்திய நாளே, புதுச்சட்டியிலே தனியாகச் சுட்டு எடுத்துவைத்துவிடுவார். அத்தட்டை அயலார் உடனே திருப்பித் தருவதில்லை. மூன்று வாரம் கழித்துத் தைப்பொங்கலன்று அது புக்கையோடு வரும். அதுவரைக்கும் அவர்கள் அலுமாரியில் இருக்கும்.